இசக்கிமுத்துவுக்காகக் கேட்கப் போனவர்கள்

"செக்யூரிட்டிக்கு நம்ம மேல கை வைக்க உரிமையே கிடையாது சார்."

ஆசிரியர் அறை வாசலில் நின்று செண்பகவல்லி சொன்னாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் நின்றார்கள்.

அந்தச் சட்டக் கல்லூரியில் தாவீது சாரிடம் பாடம் கேட்கும் கடைசி வருஷ மாணவி அவள். சார் சொன்னதுதான் அவளுக்கு வேதவாக்கு.

"என்னம்மா நடந்தது?"

"முதல் வருஷம் இசக்கிமுத்து, சார். காலையில கேட்ல அவன் பைய நோண்டியிருக்காங்க. எதுக்குன்னு கேட்டிருக்கான். கன்னத்துல அறைஞ்சு காவலறையில உக்கார வச்சுட்டாங்க. அவங்க அப்பா வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் விடுவாங்களாம்."

"அப்பா வருவாரா?"

"உப்பளத்துல வேலை பாக்குறாரு. சேதி போச்சான்னே தெரியல."

சார் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"அடிச்சது தப்பு. அடைச்சு வச்சது அதைவிடத் தப்பு. எந்தப் பிரிவுல புகார் கொடுக்கலாம் சார்?"

"பையன் சாப்பிட்டானா?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

சார் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மாணவர்கள் பின்னால் போனார்கள்.

வானம் மூடிக் கிடந்தது.

காவலறை வாசலில் இருந்த பரமசிவம் எழுந்து நின்றார். காவலர்களுக்கு அவர்தான் மேலாள்.

"பையனை விட்டுருங்க பரமசிவம்."

"பிரின்ஸ்பால் உத்தரவு சார். விட்டா என் வேலை போயிரும்."

"அடிச்சது யாரு?"

பரமசிவம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சரி" என்றார் சார். குனிந்து உள்ளே போனார். பெஞ்சில் இசக்கிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பையனின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சார், நீங்க எதுக்கு இங்க..." என்று பதறினார் பரமசிவம்.

"இவனை விடும்போது என்னையும் விடுங்க."

பரமசிவம் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"இங்க யார் யாரு நிக்கிறாங்கன்னு பிரின்ஸ்பால் கேக்கிறாரு. ஒருத்தரையும் பரீட்சை எழுத விடமாட்டாராம்."

யாரும் கோஷம் போடவில்லை. ஒருவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமானது. ஒருத்திக்குத் தலைவலி. எங்கோ ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் நின்றிருந்த வேப்பமரத்தடி வெறிச்சென்று கிடந்தது.

வீட்டில் அம்மா, மகள் கறுப்புக் கோட்டு போடும் நாளுக்குக் காத்திருந்தாள். இது கடைசிப் பரீட்சை.

மழை தூற ஆரம்பித்தது. அவள் காவலறை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"சார்..."

"சொல்லும்மா."

"நானும் உள்ள வந்து உக்காரலாமா? சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா சார்?"

தாவீது சார் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சட்டத்துல இருக்கான்னு பாக்கணும். பெஞ்சில இருக்கு."