தறிக்கொட்டகையில் பிறந்த அறிவழகன்

ஓலப்பாளையத்துத் தறிக்கொட்டகையில் இப்போது தறி இல்லை. விற்றாயிற்று. மிஞ்சியது ஒரு மேசை மின்விசிறி, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு உலகப்படம், அப்புறம் நாலு பேர். நாலு பேரும் அங்கே ஒன்பது வருஷமாக அரசு எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை தோற்றதும், "மொதல்ல இருந்து சரியாப் படிக்கல, அதான்" என்று முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் சிந்துவெளிக்காரர்கள் சாக்கடை கட்டிய விவரம் நாலு பேருக்கும் அத்துப்படி. அதற்குப் பிறகு இந்த நாட்டில் என்ன நடந்தது என்பது ஒருவனுக்கும் தெரியாது.

நாலு பேரில் மூத்தவன் நல்லசிவம். அந்த வருஷம் ஆனியோடு அவனுக்குத் தேர்வு எழுதும் வயது முடிகிறது. உள்ளூர் அங்கன்வாடியில் டீச்சராக இருக்கும் வளர்மதி அவனுக்காக ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். தை பிறந்த அன்று கொட்டகை வாசலுக்கே வந்து சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசிங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா எங்க அப்பா பாக்கற மாப்பிள்ளைக்குத் தலையாட்டிருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

அவள் போனதும் நல்லசிவம் புத்தகத்தைத் திறந்தான். சாக்கடைப் படம் வந்தது. மூடிவிட்டான்.

கைப்பேசியும் கையுமாக இருக்கும் பொன்னுவேல்தான் வழி கண்டுபிடித்தான்.

"அண்ணா, துல்பான்னு ஒண்ணு இருக்குதாம்."

"திங்கறதா?" என்று கேட்டான் மாரப்பன். கொட்டகைக்குச் சொந்தக்காரன் அவன்.

"ஆளுடா. மனசுக்குள்ளயே ஒரு ஆள உண்டாக்கறது. தலைமுடியில இருந்து கால்நகம் வரைக்கும் தெனமும் நெனச்சு நெனச்சு வந்தா, ஒரு நாள் அவனே தனியா யோசிச்சுப் பேச ஆரம்பிச்சிருவானாம். திபெத்துப் பக்கத்துப் பேருன்னு இந்த வீடியோவுல சொல்றாங்க."

"அப்படி எதுக்கு உண்டாக்கறாங்க?"

"தனியா இருக்கறவங்க பேச்சுத் துணைக்கு உண்டாக்கிக்கறாங்களாம்."

"நாம நாலு பேரு இருக்கறமே?"

"நாலு பேரும் தனியாத்தானடா இருக்கறோம்" என்றான் நல்லசிவம்.

"இன்னொண்ணு கேளுங்கண்ணா. சில பேரு ஞாபக சக்திக்காக உண்டாக்கறாங்களாம். நாம மறந்தத அவன் ஞாபகம் வெச்சுக்குவான். கணக்குகூடப் போட்டுக் குடுப்பானாம்."

"நெசமாவா?"

"அதத்தான் கடைசியில சொல்ல வந்தாங்க. அதுக்குள்ள எண்ணெய் விளம்பரம் வந்துருச்சு."

இவ்வளவு போதாதா? அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒருவனை உண்டாக்கலாம் என்றான் அத்தியப்பன். சொந்தக்காரர்கள் வீட்டில் காதுகுத்து, சீர் என்று எது நடந்தாலும் கிளம்பிவிடுகிறவன் அவன். நல்லசிவம் பெஞ்சை ஆட்டிப் பார்த்துவிட்டு, எட்டுப் பேரைத் தாங்காது என்றான். ஆகவே பொதுவில் ஒரே ஆள். பெயர் அறிவழகன்.

"ஒரு முழு ஆள நெனைக்கறது பெரிய வேலை. பங்கு போட்டுக்கலாம்" என்றான் பொன்னுவேல்.

தலை நல்லசிவத்துக்கு; கடைசித் தடவை எழுதுகிறவன் என்பதால் யாரும் தகராறு செய்யவில்லை. கைகள் பொன்னுவேலுக்கு. அத்தியப்பன் கால்களை எடுத்துக்கொண்டான். மாரப்பனுக்கு வயிறும் முதுகும் வந்தன.

"எனக்கு ஏன் வயிறு?"

"உனக்குத்தான் அதுல அனுபவம்."

மாரப்பன் ஒப்புக்கொண்டான். தினமும் காலையில் நாலு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்து அவரவர் பங்கை நினைத்தார்கள். பொன்னுவேல் பத்து விரலையும் ஒவ்வொன்றாக நினைத்தான். மோதிர விரலுக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. நல்லசிவம் மீசை வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினான். அதுவரை அறிவழகனுக்கு மூக்கின் கீழே ஒன்றும் இல்லாமல் இருந்தது, வாய் உட்பட. அத்தியப்பன் செருப்பை நினைக்க மறந்துபோனான். அந்த மாசி வெயிலில் அறிவழகனை முதன்முதலாக வாசலுக்குக் கூட்டி வந்தபோது, "சுடுது, சுடுது" என்று அத்தியப்பன் துள்ளியதைத் தெருவே நின்று பார்த்தது.

வீடியோவில் ஒரு கட்டளை இருந்தது: அவன் இருக்கிறானா என்று மட்டும் ஒருநாளும் சந்தேகப்படக் கூடாது. இவர்கள் அதை வரிக்கு வரி கடைப்பிடித்தார்கள்.

"அறிவழகா, பதினேழு பெருக்கல் பதிமூணு எவ்வளவு?" என்று கேட்டான் நல்லசிவம்.

பதில் வரவில்லை.

"பாத்தீங்களா, மனசுக்குள்ளயே போட்டுட்டான்" என்றான் பொன்னுவேல்.

"எவ்வளவுன்னு சொல்லலையே?"

"தெரிஞ்சவன் எதுக்குச் சொல்லணும்? தெரியாதவன்தான் ஏதாவது சொல்லிப் பாப்பான்."

மாரப்பனுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. "ஏப்பா, நம்ம நாலு பேருக்கும் தெரியாதது நம்ம நெனப்புல இருக்கறவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

மற்ற மூவரும் திடுக்கிட்டார்கள். அறிவழகன் காதில் விழுந்திருக்குமோ என்று நல்லசிவம் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு பொன்னுவேல் நிதானமாக விளக்கினான்: "இப்பத் தெரியாது. அவன் படிக்கணும். புஸ்தகம் குடுத்தாத்தான படிப்பான்?"

நியாயம்தான். நானூறு பக்கப் பொது அறிவுப் புத்தகத்தைப் பெஞ்சின் மேல் விரித்து வைத்தார்கள். படிக்கிறவனுக்கு வேர்க்கக் கூடாது என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, கூச்சமில்லாமல் படிக்கட்டும் என்று நாலு பேரும் டீ குடிக்கப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால், புத்தகம் கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

ஒன்பது வருஷத்தில் அந்தக் கடைசிப் பக்கத்தை அவர்கள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"ஒரு மணி நேரத்துல நானூறு பக்கம்டா!" நல்லசிவத்தின் கண் கலங்கிவிட்டது. "இவன் பொறந்து நாப்பது நாள்கூட ஆகல!"

அன்றோடு நாலு பேரும் படிப்பதை நிறுத்தினார்கள். ஒரே பாடத்தை ஐந்து பேர் படிப்பது வீண் என்று முடிவாயிற்று. தினம் காலையில் புத்தகத்தை விரிப்பார்கள், விசிறியைப் போடுவார்கள், டீக்கடைக்குப் போவார்கள். பங்குனி முடிவதற்குள் அறிவழகன் அந்தப் புத்தகத்தை முப்பத்தொரு தடவை படித்துவிட்டான். மின்சாரம் இல்லாத நாட்களில் மட்டும் அவனுக்குப் படிப்பில் கவனம் போகவில்லை.

சித்திரையில் அத்தியப்பன் அக்கா மகளின் காதுகுத்துக்காகப் பவானிக்குப் போனான். கால்களும் கூடவே போய்விட்டன. அறிவழகனை எவ்வளவு நாள்தான் உள்ளேயே அடைத்து வைப்பது? காற்றாட இருக்கட்டும் என்று மற்ற மூவரும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். மாரப்பன் முதுகுக்குக் கை கொடுத்தான், நல்லசிவம் தலையைத் தாங்கினான், பொன்னுவேல் கைகள் தரையில் இழுபடாமல் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் ஒன்றுமில்லாததைச் சுமந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவதை, எதிரே வந்த வளர்மதி பார்த்துவிட்டாள்.

"என்னத்தத் தூக்கிட்டுப் போறீங்க?"

"அறிவழகன" என்றான் நல்லசிவம்.

"அது யாரு?"

"நம்ம கல்யாணத்துக்காகப் படிக்கறவன்."

வளர்மதி அந்த வெற்றிடத்தை மேலும் கீழும் பார்த்தாள். "கால் எங்க?"

"பவானிக்குப் போயிருக்குது. நாளான்னிக்கு வந்துரும்."

"வந்ததும் ஓடிப்போகச் சொல்லுங்க. உங்களுக்கு அமஞ்சதுலயே புத்தியுள்ள கால் அதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

"பாத்தியாடா, இவனுக்குப் புத்தி இருக்கறத அவளே ஒத்துக்கிட்டா" என்றான் நல்லசிவம்.

வைகாசியில் தேர்வு வந்தது. நுழைவுச்சீட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்லசிவத்துக்கு ராசிபுரத்தில் மையம். பொன்னுவேலுக்கு நாமக்கல். அத்தியப்பனுக்குச் சேலம், மாரப்பனுக்குத் திருச்செங்கோடு. ஆளுக்கு ஒரு ஊர். அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு அவரவர் பஸ் ஏறினார்கள்.

ராசிபுரத்தில் நல்லசிவம் கைகட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"ஏன் சார் ஒண்ணுமே எழுதல? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன். பதில் எல்லாமே தலையில இருக்குதுங்க. கைதான் நாமக்கல்ல மாட்டிக்கிச்சு."

அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவன் இருந்த வரிசைப் பக்கமே வரவில்லை.

நாமக்கல்லில் பொன்னுவேலுக்கு நேர்மாறான பாடு. கைகள் துடிதுடிப்பாக இருந்தன; எந்தப் பதில் என்று சொல்லத் தலை இல்லை. ஒன்றை நிரப்பி மற்றவற்றை விடுவது ஓரவஞ்சனை என்று தோன்றியதால், விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இருந்த நாலு வட்டங்களையும் ஒன்று விடாமல் கறுப்பாக்கினான். இரண்டு பேனா தீர்ந்தது. சேலத்தில் கால்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. அத்தியப்பன் ஏழு தடவை வெளியே போக அனுமதி கேட்டான், எட்டாவது தடவை அவர்களே அனுப்பி வைத்தார்கள்.

திருச்செங்கோட்டில்தான் மாரப்பன் தப்புச் செய்தான். வெறும் வயிற்றையும் முதுகையும் வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தான். பிறகு வேறு வழியில்லாமல் கேள்விகளைப் படித்து, தானே யோசித்து எழுதிவிட்டான்.

ஆனிக் கடைசியில் முடிவு வந்தது. நல்லசிவம் பூஜ்யம். பொன்னுவேல் பூஜ்யம். அத்தியப்பன் பூஜ்யம். மாரப்பன் நூற்றுக்கு நாற்பத்தொன்று. தேற நாற்பத்தைந்து வேண்டும்.

நல்லசிவத்துக்கு வயது முடிந்துவிட்டது. அவன் உலகப்படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிறைய நேரம் ஆப்பிரிக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பயந்துபோனார்கள். கடைசியில் அவனே எழுந்தான்.

"மாரப்பா, உன்னோட பங்குல இருந்தது என்ன?"

"வயிறுங்கண்ணா. நான் வேணும்னு பண்ணல. தெரியாம நானே எழுதிப்புட்டேன்."

"நீ எழுதுனியா? ஒன்பது வருஷமா உன்னையத் தெரியாதா எனக்கு? அது வயிறு எழுதுனது. படிச்சது பூராவும் தலையில இருக்குதுன்னு நாம நெனச்சோம். கீழ எறங்கியிருக்குது!"

பொன்னுவேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்படீன்னா நாலு மார்க்கு ஏங்ணா கொறஞ்சுது?"

"வயிறு காலியா இருந்துருக்கும். ஏண்டா, தைப் பொங்கலன்னிக்குப் பொறந்தவன். அஞ்சு மாசக் கொழந்தைய, ஒருவாய் சோறு ஊட்டாம, பஸ் ஏத்திப் பரீச்சைக்கு அனுப்பிச்சிருக்கோம். நாமெல்லாம் மனுசங்களா?"

அத்தியப்பன் அழுதேவிட்டான்.

ஆடி முதல் தேதி நாலு பேரும் அங்கன்வாடிக்குப் போனார்கள். வளர்மதி அப்போதுதான் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். தூலத்தில் தொங்கும் தராசு, அதில் ஒரு துணித்தொட்டில்.

"ரிசல்ட்டப் பாத்தேன்" என்றாள் வளர்மதி. "அப்பா நாளைக்கு ஒருத்தர வரச் சொல்லியிருக்காரு."

"வேண்டாம் வளர்மதி. எனக்குத்தான் வயசு முடிஞ்சுது, அறிவழகனுக்கு ஆறு மாசம்தான் ஆகுது. பதினெட்டு வயசுல அவன் எழுதிருவான். அவன் வேலை என் வேலைதான. இன்னும் பதினேழரை வருஷம், அவ்வளவுதான், பொறுத்துக்க."

வளர்மதி நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"சரி, கொழந்தையத் தொட்டில்ல போடுங்க."

நாலு பேரும் அவரவர் பங்கைப் பதமாக எடுத்துத் தொட்டிலில் வைத்தார்கள். முள் அசையவில்லை. அவள் பதிவேட்டைப் பிரித்து, எடை இல்லை என்று எழுதினாள். ஆறு மாதக் குழந்தைக்கு உள்ள சத்துமாவுப் பொட்டலங்களை நல்லசிவத்தின் கையில் கொடுத்தாள்.

"முள்ளு எப்பக் கொஞ்சமாவது அசையுதோ, அன்னிக்கு வந்து என்கிட்டப் பேசுங்க. அதுவரைக்கும் அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கொழுக்கட்டையாகவும் கஞ்சியாகவும் ஒரு மாதம் ஊட்டினார்கள். வயிறு மாரப்பனிடம் இருந்ததால் எல்லாம் அவன் வழியாகத்தான் போயிற்று. ஆவணி முதல் தேதி நல்லசிவம் வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு அங்கன்வாடிக்கு முன்னால் நடந்தான். பின்னால் மற்ற இருவரும், எழுபத்தெட்டுக் கிலோ மாரப்பனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து துணித்தொட்டிலில் உட்காரவைத்தார்கள்.

முள் ஒரு சுற்றுச் சுற்றித் தெறித்துப் போய்ச் சத்துமாவு டப்பாவில் விழுந்தது. பின்னாலேயே தராசு விழுந்தது, அதற்குப் பின்னால் மாரப்பன் விழுந்தான். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

நல்லசிவம் மாவுக்குள் கைவிட்டு முள்ளைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்து, தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்து வளர்மதியிடம் நீட்டினான்.

"அசஞ்சுருச்சு" என்றான்.