அரண்மனைக்குப் பக்கத்து வீடு

வெண்கோட்டையை ஆண்ட மானவிறல் ராஜாவுக்கு யானைகள் என்றால் உயிர். பன்னிரண்டு வைத்திருந்தார். போதாக்குறைக்கு மலைநாட்டு மன்னர் இன்னும் மூன்றைப் பரிசாக அனுப்பிவிட்டார். கொட்டிலில் இடமில்லை. அரண்மனை மதிலை ஒட்டியிருந்த ஒரு வீட்டை வாங்கிச் சேர்த்தால் சரியாகிவிடும். அந்த வீடு மோர்க்காரி பவளாயியுடையது.

பவளாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஏழு எருமைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வளர்த்தாள்.

"நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். ராஜா பிடுங்கிக்கொண்டார் என்று ஒரு சொல் வரக்கூடாது" என்றார் ராஜா.

விலை மதிக்கும் வேலை வல்லபராயருடையது. ஊரில் எந்த வீட்டுக்கும் அவர் போட்டதுதான் விலை. ராஜா வாங்கும் வீடு என்றால் விலை இறங்கிவிடும், விற்கும் வீடு என்றால் ஏறிவிடும். அவர் கையில் மந்திரக்கோல் எதுவும் இல்லை. எழுத்தாணி ஒன்றுதான்.

பவளாயி வீட்டுக்கு ஐம்பது வராகன் என்று எழுதினார்.

மறுநாளே பவளாயி சபைக்கு வந்துவிட்டாள். மோர்ப்பானையை வாசல் காவலனிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"மகராசா, அம்பது வராகனுக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூட வராது. இதே மாதிரி வீடு மல்லிகைத் தெருவுல போன மாசம் ஐந்நூறுக்குப் போச்சு. ஏழு சீவனையும் ஓட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

ராஜா ராயரைப் பார்த்தார்.

"அரசே, சுவர் உறுதி, கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு, கொல்லை விசாலம். எல்லாம் உண்மை. ஆனால் சுவரை மட்டும் பார்த்தா வீட்டுக்கு விலை போடுவது? அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? இங்கே அக்கம்பக்கம் மகா மோசம்."

சபையில் ஒரு மூலையில் திருமேனிக் கூத்தன் உட்கார்ந்திருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே மானியம் வாங்குகிறவன். அவன் எழுந்தான்.

"ராயர் சொல்வது சரி. அந்தக் குறைகளையும் ஓலையில் எழுதியிருப்பாரே. வாசிக்கட்டும்."

கூத்தனே தன் பக்கம் பேசுகிறானே என்று ராயருக்கு உற்சாகம். ஓலையைப் பிரித்தார்.

"விடியுமுன்னே முரசு அடிக்கிறார்கள், தூங்க முடியவில்லை. நாள் முழுவதும் யானைச் சாண நாற்றம். பெரிய மதில் ஒன்று காற்றை மறைக்கிறது. மயில்கள் வந்து கூரை ஓடுகளைப் பெயர்க்கின்றன. மாலையில் யாரோ வீணை…"

ராயர் நிறுத்திக்கொண்டார். மாலையில் வீணை பழகுவது ராஜா.

"வீணைக்கு என்ன?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"'மாலையில் வீணை' என்றுதான், அரசே."

"அதற்கு அடுத்த சொல்?"

"'சகிக்கவில்லை' என்று… என் எழுத்துக்காரன் எழுதிவிட்டான்."

சபை தலையைக் குனிந்துகொண்டது. பாதிப் பேர் சிரிப்பை மறைக்க, மீதிப் பேர் பயத்தில்.

கூத்தன் கைகூப்பினான். "அரசே, ஒருவன் பயிரை அடுத்தவன் மாடு மேய்ந்தால் மாட்டுக்காரன் நஷ்டம் கட்டுகிறான். பவளாயி வீட்டு விலையில் நானூற்றைம்பது வராகனை மேய்ந்தது யார் என்று ராயர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடும்."

ராயர் ஓலையைச் சுருட்டினார். "ஐயோ, நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அரண்மனைக்குப் பக்கத்தில் வாழ்வது குறையா? பாக்கியம் அல்லவா? முரசு மங்கலம். யானை லட்சுமி. வீணையோ தேவகானம்."

"அப்படியானால் விலை?" என்று கேட்டார் ராஜா.

"ஆயிரம் வராகன் தகும்."

"ராயர் மனசாரச் சொல்கிறாரா, பயந்து சொல்கிறாரா, தெரியவில்லையே" என்றான் கூத்தன்.

"மனசாரத்தான் சொல்கிறேன், கூத்தரே. அந்த வீடு எனக்குக் கிடைக்குமென்றால் என் மல்லிகைத் தெரு வீட்டையே கொடுத்து மாற்றிக்கொள்வேன்."

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. "பவளாயி, ராயர் வீட்டைப் பார்த்திருக்கிறாயா?"

"தினமும் மோர் ஊத்துறேன், சாமி. கொல்லையில பத்து எருமை கட்டலாம். மோரை அளக்கும்போதுதான் ஐயா தகராறு பண்ணுவாரு. வீட்டுமேல ஒரு குத்தமும் இல்ல."

"மாற்றிக்கொள்ளச் சம்மதமா?"

"சம்மதம், மகராசா."

"ராயர் ஏற்கெனவே சபையறியச் சொல்லிவிட்டார். எழுதுங்கள்" என்றார் ராஜா.

ஓலை எழுதி முத்திரையும் விழுந்துவிட்டது. ராயருடைய வீடு கைமாறிவிட்டது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பழகிய மூளை ஒரு வழி கண்டுபிடித்தது.

"அரசே, கொட்டிலுக்கு அந்த இடம் வேண்டுமே. தங்களுக்கு இல்லாததா? ஆயிரத்துக்கே கொடுத்துவிடுகிறேன்."

"ஆயிரம் என்பது குடியிருப்பவர் அடையும் பாக்கியத்துக்கு" என்றான் கூத்தன். "யானைக்குத் தேவகானம் எதற்கு? வெறும் இடத்துக்கு ராயரே எழுதிய ஓலை இருக்கிறது. ஐம்பது."

ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டார். "ராயரே, உம்மை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஐம்பதுக்கு விற்றாலும் சரி. அங்கேயே குடியிருந்து தினமும் மாலையில் என் வீணையைக் கேட்டாலும் சரி."

ராயர் ஐம்பது வராகனை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பவளாயி பானையை எடுத்துக்கொண்டு, எருமைகளை ஓட்டிவர ஆள் தேடிப் போய்விட்டாள்.

"கூத்தா, உனக்கும் ஒரு வீடு கட்டித் தருகிறேன். இதே மதிலை ஒட்டி, என் வீணை மண்டபத்துக்கு நேர் கீழே. என்ன சொல்கிறாய்?"

கூத்தன் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்காமலே சொன்னான்.

"தங்கள் அன்புக்கு எட்டுத் தெரு தள்ளியிருப்பது ஒரு தூரமா, அரசே? அங்கேயே கட்டிக்கொடுங்கள்."