கை படாத சால்டர்

ரெஜினா டீச்சரிடம் கிட்டார் படித்தவர்களில் வயதில் மூத்தவர் அணைந்தபெருமாள். அவருக்கு அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்தெட்டு.

டீச்சரின் அறை தூத்துக்குடியில் ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது. அங்கே கிட்டார் சொல்லிக்கொடுப்பார், பழுதும் பார்ப்பார்.

அணைந்தபெருமாள் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பத்தொன்பது பழைய எலெக்ட்ரிக் கிட்டார்கள் இருந்தன. எல்லாமே தேடினாலும் கிடைக்காதவை. அவருக்கு வாசிக்கத் தெரிந்த சுரக்கூட்டுகள், அதாவது கார்டுகள், நான்குதான்.

“கார்டுக்கு அஞ்சு கிட்டார்னு வச்சாலும் ஒண்ணு குறையுதே சார்” என்று டீச்சர் ஒருமுறை சொன்னார்.

“அஞ்சாவது கார்டு கத்துக்கிட்டா இன்னும் நிறைய வாங்கணுமே டீச்சர்” என்றார் அவர்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பாடத்துக்கு உட்காரவில்லை. கையில் கொண்டுவந்த பெட்டியை மேஜையில் வைத்தார்.

“இதைப் பேச வைக்கணும் டீச்சர்.”

டீச்சர் திறந்து பார்த்தார். சிவப்பு நிறக் கிட்டார். கம்பியின் சத்தத்தைப் பிடிக்க நான்கு பிக்கப்புகள். பழைய ரேடியோவில் இருப்பதுபோல வரிசையாக சுவிட்சுகள். அறுபத்தைந்தாம் வருடம் ஜப்பானில் செய்தது.

“மோத்தா அண்ணன் கிட்டார்லா இது?”

“ஆமா.”

“ஒயர் செருகுத ஜாக்குல ஒரு கம்பி விட்டிருக்கு, ஒரு சொட்டு சால்டர் உருக்கி ஒட்டினாப் போதும்னு மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன். நீங்க பெட்டியை மூடிட்டுப் போயிட்டீங்க.”



அது கஸ்பார் மோத்தாவின் கிட்டார். துறைமுகத்துக்கு வந்த ஒரு மாலுமியிடம் வாங்கியது. பதினைந்து வருடம் கல்யாண வீடுகளிலும் மாதா கோயில் திருவிழாவிலும் அதை வாசித்திருக்கிறார். ஒருநாள் அதில் சத்தம் நின்றது. பிரித்துப் பார்க்க அன்றைக்கு ஊரில் ஆள் இல்லை. கிட்டார் பீரோவுக்கு மேலே போனது. எண்பது வயதில் அதை அணைந்தபெருமாளுக்குக் கொடுத்தபோது மோத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சத்தம் வந்ததும் என்னைக் கூப்பிடுங்க தம்பி. ஒரு பாட்டு வாசிச்சுட்டுக் கொடுத்துடுதேன். இடது காது போயிட்டுது. வலது காதும் ரொம்ப நாளைக்கு நிக்காதாம்.”

அணைந்தபெருமாள் சரி என்றார்.

ஆனால் சேகரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய கிட்டாரைத் திறந்ததும் உள்ளே இருக்கும் சால்டரைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் வைத்த பொட்டு அப்படியே இருந்தால் ‘கை படாதது’ என்பார்கள். அப்படி இருந்தால்தான் அது அறுபத்தைந்தாம் வருடத்துக் கிட்டார். ஒரு பொட்டைத் தொட்டுவிட்டாலும் அது வெறும் பழைய கிட்டார்.

இதில் ஒரு பொட்டிலும் கை படவில்லை.

மோத்தா அவரை மீன் மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “பேசிட்டுதா தம்பி?”

“ஒரு பார்ட்டு வரணும் அண்ணே.”

“பேசிட்டுதா?”

“மழை முடியட்டும் அண்ணே.”

அப்படியே மூன்று வருடம் போயிற்று.

“இப்ப மட்டும் என்ன சார்?” என்று கேட்டார் டீச்சர்.

“நேத்து மார்க்கெட்ல பார்த்தேன். அவர் ஒண்ணும் கேக்கல. நானாத்தான் சொன்னேன், இன்னும் கொஞ்ச நாள் அண்ணேன்னு. அவர் சிரிச்சுக்கிட்டே, எழுதிக் காட்டுங்க தம்பி, ஈஸ்டரோட வலது காதும் போயிட்டுதுன்னார்.”

டீச்சர் கிட்டாரின் தகட்டைக் கழற்றிவிட்டு, சால்டரிங் அயர்னை பிளக்கில் செருகினார். அது சூடானதும் அவரிடம் நீட்டினார்.

“நானா? எனக்குப் பழக்கமில்லையே.”

“நான் கம்பியைப் பிடிச்சுக்கிடுதேன். நீங்க வைங்க.”

அணைந்தபெருமாள் சூடான முனையை வைத்தார். சால்டர் உருகியது. சின்னதாகப் புகை எழுந்தது. டீச்சர் ஊதிவிட்டு, தகட்டை மூடி, நான்கு திருகுகளை முடுக்கினார். கிட்டாரை ஒலிபெருக்கும் ஆம்ப்பில் மாட்டித் தந்தார். அணைந்தபெருமாள் கட்டைவிரலால் ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் வந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா டீச்சர்?”

“இவ்வளவுதான் சார்.”

அணைந்தபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் சின்ன ஆம்ப்பைப் பையில் எடுத்து வைத்தார். “கிளம்புங்க. அண்ணன் வீட்டுக்குப் போவோம்.”

“போய்? அவருக்குத்தான் காது கேக்காதே.”

“கேக்காதுதான்.”

மோத்தா வீட்டு வாசலில் வலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் இருந்தன. பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“ஏ ரெஜி! வந்துட்டா பாரு, செகப்பி! என்ன தம்பி, பேசிட்டாளா?”

அணைந்தபெருமாள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் சுருதி சேர்த்துக் கொடுத்தார். மோத்தா கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். சுவிட்சுகளில் இரண்டைப் பார்க்காமலே தட்டிவிட்டார். பிறகு வாசித்தார்.

அவர் விரல்கள் முதலில் இரண்டு இடத்தில் தவறின. அப்புறம் தவறவில்லை. ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். கிட்டாரின் உடம்பு அவர் வயிற்றில் அதிர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கண்ணை மூடினார். மற்ற நேரமெல்லாம் எதிரே இருந்த இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

முடிந்ததும் சிலேட்டை எடுத்து அணைந்தபெருமாளிடம் நீட்டினார்.

“எப்படி இருக்கு சத்தம்? எழுதுங்க.”

அவர் எழுதினார்: நாலு பிக்கப்பும் நன்றாக வேலை செய்கின்றன.

மோத்தா படித்தார். “மெக்கானிக்கு மாதிரி சொல்லுதீங்களே. சத்தம் எப்படி இருக்கு?”

அவர் அழித்துவிட்டு எழுதினார்: ரொம்ப நன்றாக இருக்கிறது.

“இது கல்யாண வீட்டு பிரியாணிக்குச் சொல்லுதது தம்பி.” மோத்தா சிரித்தார். “எப்படி இருக்குன்னு சொல்லுங்க. முன்னாடி மேல் கம்பி மணி அடிச்ச மாதிரி நிக்கும். இப்ப நிக்குதா? கீழ்க் கம்பி கொஞ்சம் கரகரங்கும், பீடி குடிக்கவன் தொண்டை மாதிரி. அது இருக்கா, போயிட்டா?”

அணைந்தபெருமாள் சிலேட்டைப் பார்த்தார். அந்தக் கிட்டாரின் எண் அவருக்கு மனப்பாடம். எந்த மாதம் செய்தது, எந்த மரம், அதுபோல எத்தனை மிச்சம் இருக்கின்றன, எல்லாம் தெரியும். மேல் கம்பி நின்றதா என்று தெரியவில்லை. பாட்டு முழுக்க அவர் மோத்தாவின் விரல்களைப் பார்க்க முடியாமல் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; சத்தம் காதில் ஏறவில்லை.

அவர் எழுதினார்: மன்னிச்சிடுங்க அண்ணே. முதல் வருஷமே செய்திருக்கலாம். வேணும்னுதான் செய்யவில்லை.

மோத்தா அதைப் படித்தார். பிறகு முழங்கையால் சிலேட்டைத் துடைத்தார். மறுபடி அவர் கையில் கொடுத்தார்.

“நான் அதைக் கேக்கல தம்பி. சத்தம் எப்படி இருக்கு?”

அணைந்தபெருமாள் டீச்சர் பக்கம் திரும்பினார். கலங்கிய கண்ணோடு சிலேட்டை நீட்டினார்.

“நீங்க எழுதுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல.”

டீச்சர் சிலேட்டை வாங்கவில்லை.

“தெரியலன்னே எழுதுங்க சார். அண்ணன் இன்னொரு தடவை வாசிப்பாரு.”