பூங்காவனத்துக்கு ஒரு சுவர்

"ஒரு செவுரு கேட்டேன்மா. ஒரே ஒரு செவுரு. பெத்த பையன் இல்லைன்னுட்டான்."

படி ஏறி வந்த மூச்சு தணிகாசலத்துக்கு இன்னும் அடங்கவில்லை. கோபம் அதைவிட அடங்கவில்லை. கையில் துணிப்பை. பைக்குள், போன வருடம் செத்துப்போன மனைவி பூங்காவனத்தின் படம், சட்டம் போட்டது.

வியாசர்பாடியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அந்த மடம். மடம் என்றால் ஓர் அறை, ஒரு விளக்கு, நாலு பாய். நடத்தியவர் செங்கமலத்தம்மா. தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் எதிரே தணிகாசலம் உட்கார மாட்டார். இரண்டு வருடமாக வெள்ளி தவறாமல் வந்து பெருக்கிவிட்டுப் போகிற சீடர்.

"எந்தச் செவுரு?" என்றார் அம்மா.

"ஹால்ல தெக்குச் செவுரு. செத்தவங்க படத்தை அங்கதானே மாட்டணும்? அங்க டிவி இருக்காம். எடுக்க முடியாதாம்."

"வேற இடம் தரலையா?"

"தந்தானே! சமையக்கட்டு ஓரமா, தண்ணி கேனுக்கு மேல ஒரு பலகை அடிச்சுத் தந்தான். வர்ற அமாவாசை அவளுக்கு வருசத் திதி. தண்ணி கேனுக்கா மாலை போடறது?"

பாயில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தீப்பெட்டி மாதிரி வூட்டுல செவுத்துக்கு எங்க போவான் அந்தப் புள்ள?"

"நீ பூவைக் கட்டு!" என்று அவள்மேல் பாய்ந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "செவுரு தர்ற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன். பேத்தி காலைக் கட்டிக்கிட்டு அழுதா. உதறிட்டு வந்தேன். முப்பத்தாறு வருசம் அவளை எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? ராணி மாதிரி!"

அம்மா மாடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து நீட்டினார்.

"ராணியா வச்சிருந்த அந்தப் பழைய வீட்டைத் தரையில வரை."

தணிகாசலம் உற்சாகமாகக் குனிந்தார். "இந்த மடத்து அளவுதான். பத்துக்குப் பத்து, ஒரே ரூம். இது என் கட்டில், ஜன்னல் ஓரம். மில்லுல நின்னு நின்னு வேலை பார்த்த உடம்பு, காத்து வேணும். இது பீரோ. இது பையன் பாய். இது அடுப்பு. இது தண்ணி டிரம்."

"ராணி?"

சாக்பீஸ் நின்றது.

அறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் கோடு. கடைசியில், அடுப்புக்கும் தண்ணி டிரம்முக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டம் போட்டார்.

"அவ குள்ளம்," என்றார். "போதும்னுதான் சொல்லுவா."

"படு."

"அம்மா?"

"அதுல படு."

படுத்தார். முழங்கால் மடங்கியது. தலை கோட்டைத் தாண்டியது.

"தலையை உள்ள இழு!"

இரண்டு வருடத்தில் அந்தக் குரலில் அவர் சூட்டைக் கேட்டதில்லை. இழுத்துக்கொண்டார்.

அம்மா பையிலிருந்து படத்தை எடுத்தார். ஜன்னல் ஓரம், கட்டில் கோட்டுக்குள், நட்ட நடுவில் வைத்தார். கன்னியம்மா ஒரு முழம் பூவை அறுத்து அதற்குச் சாத்தினாள். இந்த முறை சிரிக்கவில்லை.

கீழே கடையில் பாத்திரங்கள் உருண்டன. தணிகாசலத்துக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

"எவ்வளவு நேரம் இப்படிக் கிடக்கணும், அம்மா?"

"அவளைக் கேளு."