கலந்து தைத்த புத்தகம்

"இதை எரிக்க மாட்டேன் சாமி. தீட்சை உண்டா, இல்லையா?"

மடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டவள் மங்கையர்க்கரசி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்றவள். நாலு வருடமாக இந்தத் தீட்சைக்காகக் காத்திருந்தாள். எதிரே நின்ற குருவுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு.

மனசுக்கு மிகப் பிடித்த ஒன்றை முதலில் ஓமகுண்டத்தில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் பழைய சால்வையையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். இவள் அசடு. உண்மையிலேயே பிடித்ததைக் கொண்டுவந்துவிட்டாள். குண்டத்தின் விளிம்பு வரை போனாள். கை விடவில்லை.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தடிப் புத்தகம்.

"ராக்கெட், கொள்ளைக்காரன், பைத்தியத்தோட உளறல்!" என்றார் முன்பே அதை மேலோட்டமாகப் புரட்டியிருந்த மூத்த சீடர் சிதம்பரநாதன். "மூலச் சுவடி இருக்கிற இடத்துல இந்தக் குப்பையா?"

"குப்பைன்னு சொல்றீங்களே, படிச்சுப் பாத்தீங்களா?"

குரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"ராக்கெட் வானத்துல போகுது. பக்கத்தைத் திருப்பினா கடல்ல கொள்ளைக்காரங்க சண்டை. அப்புறம் முற்றுப்புள்ளியே இல்லாம ஒருத்தன் புலம்புறான். என்னம்மா இது?"

"பைண்டர் மூணு தொடரையும் கலந்து தைச்சிட்டான் சாமி. முதல் நாள் அவனைத் திட்டித் தீர்த்தேன்."

"பிரிச்சு மறுபடி தைக்கலையா?"

"அதுக்குள்ள படிச்சிட்டேனே! ராக்கெட் கடல்ல விழுந்துடுச்சு. கொள்ளைக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. உள்ள இருந்தவன் உப்புத்தண்ணி குடிச்சுட்டுப் புலம்புறான். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்படின்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? படிச்சது நான்."

"திமிரைப் பாருங்க!" என்றார் சிதம்பரநாதன்.

குரு புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். புத்தகத்தைப் பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

குரு திரும்பி வந்தபோது கையில் பட்டுத்துணி சுற்றிய கட்டு இருந்தது. மடத்தை நிறுவியவர் எழுதிய மூலச் சுவடி. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்து மூன்று தலைமுறை ஆகிறது. எண் போட்டு வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. வரிசை தப்பிப் படித்தால் பாவம் என்று பயந்து, தினமும் பூ மட்டும் போட்டுக் கும்பிட்டுவந்தார்கள். இன்றிருப்பவர்களில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

அதை அவள் கையில் கொடுத்தார். பிறகு கேட்பவர்கள் உட்காரும் பாயில் போய் உட்கார்ந்தார்.

சிதம்பரநாதன் பதறினார். "சாமி! எது முதல் ஏடுன்னு நமக்கே தெரியாதே!"

மங்கையர்க்கரசி பையை இறக்கி வைத்தாள். தரையில் சம்மணமிட்டாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கட்டின் நடுவிலிருந்து ஓர் ஏட்டை உருவினாள்.

"இதுதான்" என்றாள்.