முள் இல்லாத தவளை

முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் திருவேங்கடம், விரால் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு குருவைத் தேடினார். கிடைத்தவள் சோலையம்மாள். தையல்கடை வைத்திருக்கிறாள், வயது முப்பத்தி நாலு. எட்டாம் வகுப்பில் வகுத்தல் வரவில்லை என்று அவளை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவர் இவர்தான்.

"நான் சொல்றபடி கேப்பீங்களா சார்?"

"கேக்குறேம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலையில கம்மாய்க்கு வந்துருங்க. அன்னைக்குத்தான் கடை லீவு."

நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றார். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. கரையில் திம்திம்மென்று நடக்கக் கூடாது. நடுத்தண்ணீரில் வீசக் கூடாது, தாமரை இலை ஓரமாக வீச வேண்டும். தூண்டிலில் இரையாக மாட்டிய ரப்பர் தவளையை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. ஒன்றுதான் வரவில்லை. விரால் வந்து தவளையைக் கவ்விய உடனே மனிதருக்குக் கை பரபரக்கும். வெடுக்கென்று இழுப்பார். தவளை மட்டும் பறந்து வந்து அவர் வேட்டியில் விழும்.

"கவ்வுன உடனே இழுக்காதீங்க சார். அது வாய்க்குள்ள வாங்கித் திரும்பட்டும். அஞ்சு எண்ணுங்க."

"உனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்ததே நான்தாம்மா."

"அதான் திருப்பிச் சொல்றேன். எண்ணுங்க."

அவருக்கு மீன் ஆசை ஒன்றும் பெரிதாக இல்லை. மகள் அருள்செல்விக்குத்தான் விரால் குழம்பு என்றால் உயிர். அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிக்குக் கேக் செய்யப் போனாள் அவள். "இனி இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் ஆயிற்று, அவள் ஏறவில்லை. வந்தாளானால் தன் கையால் பிடித்த விராலில் குழம்பு வைத்துப் போட வேண்டும் என்று இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அவள் போன் செய்வாள். அதை மட்டும் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் "எப்ப வர்றே?" என்று கேட்பார், அவள் வைத்துவிடுவாள்.

நாலாவது வாரம் போன் வந்தபோது இருவரும் கரையில் நின்றிருந்தார்கள்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்." ஒரு கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு, "எப்ப வர்றே?" என்றார்.

"வேலை இருக்குப்பா. வைக்கிறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டவர் தண்ணீரையே பார்த்தார்.

"நீ சொன்ன மாதிரி அஞ்சு எண்ணிட்டுத்தாம்மா கேட்டேன். அப்பவும் வெச்சுட்டா."

சோலையம்மாள் பையிலிருந்து ஒரு குறடு எடுத்தாள். ரப்பர் தவளையின் வயிற்றோடு இருந்த இரண்டு முள்ளையும் நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தூண்டிலை அவரிடம் நீட்டினாள்.

"வீசுங்க சார்."

"முள் இல்லாம எப்படிம்மா மீன் மாட்டும்?"

"சொன்னபடி கேக்குறேன்னீங்க."

வீசினார். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். இலையை விலக்கிக்கொண்டு விரால் வந்து கவ்வியது. இழுத்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததால் கை சும்மா இருந்தது. மீன் தவளையை மென்று பார்த்துவிட்டுத் துப்பியது. மறுபடி வீசினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அவர் காலடிக்குப் பக்கத்திலேயே வந்து, தலையைத் தூக்கி, வாயைத் திறந்தது.

"இம்புட்டுப் பெரிசாம்மா அது?"

"ஆமா சார்."

"நாலு வாரமா நான் இதைப் பாக்கவே இல்லையே."

"இழுக்குற அவசரம்" என்று சொல்லிவிட்டு அவள் டீ வாங்கப் போய்விட்டாள். அன்று அவர் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறும் கரையில் நிற்கும்போதே ஏழு மணிக்குப் போன் வந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"இனிமேதான்." வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். "நீ இன்னைக்கு என்ன செஞ்சே?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நிஜமாவா கேக்குறீங்க?"

"நிஜமாத்தான்."

கல்யாணத்துக்குச் செய்த மூணு அடுக்குக் கேக் விடியற்காலையில் ஒரு பக்கமாகச் சரிந்த கதையை அவள் சொன்னாள். எதை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினாள் என்றும் சொன்னாள். இவர் தவளை வேட்டியில் விழுந்த கதையைச் சொன்னார். அருள்செல்வி சிரித்தது பக்கத்தில் நின்ற சோலையம்மாளுக்கும் கேட்டது. அப்படிச் சிரிக்கிறவள் என்பதையே மறந்திருந்த திருவேங்கடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபது நிமிஷத்துக்கு மேல் பேசினார்கள்.

"சரிப்பா, கேக்கைக் கொண்டுபோகணும். வைக்கிறேன்."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகுதான் அவருக்குப் பதைத்தது.

"எப்ப வர்றேன்னு கேக்கவே இல்லையேம்மா நான். கேட்டிருக்கணுமோ?"

சோலையம்மாள் சிக்கிக் கிடந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா கேட்டுட்டீங்கள்ல சார். அந்தக் கேள்வி அவகிட்ட பத்திரமா இருக்கும்."