செத்தவர் சொன்ன ஆட்சேபம்

பதினாறு பேர் வேலை பார்த்த மண் ஆய்வகத்தை மூடிவிட ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் முடிவுகட்டினார். தட்டச்சர் சகாயமேரியைக் கூப்பிட்டார்.

"ஆட்சிக்குழு கூடிச் சம்மதிச்சதா குறிப்பு எழுதும்மா."

"கூட்டமே நடக்கலையே, சார்!"

"உறுப்பினர் பட்டியல்ல இருக்கிற அத்தனை பேரும் வந்ததா எழுது. இல்லேன்னா உன் வேலையும் போயிடும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி அந்தக் குறிப்பை வாசித்துத் திடுக்கிட்டார். "பேராசிரியர் தணிகாசலம் மட்டும் எதிர்த்தாரா? அவர் செத்து ரெண்டு வருஷமாச்சே!"

இயக்குநர் சகாயமேரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் பேரு இன்னும் பட்டியல்ல இருக்குங்க, சார்," என்றாள் சகாயமேரி. "எதிர்த்துப் பேச உயிரோட இருக்கிறவங்க யாரும் கிடைக்கலை."

இயக்குநரின் பதவி போயிற்று. ஆனால் ஆய்வகத்துக்காரர்கள் அதற்குள் பிழைப்புத் தேடி ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டிருந்தார்கள்.